நடுவரின் நாவும் பார்வையாளரின் கேள்வியும்

வார இறுதிச் சமையல் நிகழ்ச்சியைப் பார்ப்பவருக்கு உணவின் சுவை எட்டுவதில்லை. தொகுப்பாளரின் சொல்லும் நடுவரின் முகக்குறிப்புமே எட்டுகின்றன. தீர்ப்பைச் சரிபார்க்க அவருக்கு வேறு சான்றில்லை. ஆகவே, 'நடுவர் ஒருதலைச் சார்பானவர்' என்னும் குறையை வெறும் வம்பென ஒதுக்குதல் தகாது.

ஆனால், சார்பு தீர்ப்பில் மட்டும் தங்குவதில்லை. 2010-இல் ஸ்டார் பிளஸில் தொடங்கிய 'மாஸ்டர்செஃப் இந்தியா', 2015-இல் தன் நான்காம் பருவத்தைச் சைவ உணவுக்கு மட்டுமே உரியதாக்கியது. இந்தியரில் பெரும்பான்மையோர் புலால் உண்பவர் என்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வுகளே காட்டுகின்றன. அப்பருவத்தில் மீனும் இறைச்சியும் சுவையில் தோற்கவில்லை; களத்துக்கே அழைக்கப்படவில்லை.

தொகுப்பாளரின் நகைச்சுவையையும் கனிவையும் நுணுகி எடைபோடும் பார்வையாளர், எவருடைய அடுப்பு 'இந்தியச் சமையல்' என்னும் பெயரைப் பெறுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.