மூன்றே மூன்று ஆட்டங்கள்

"பெடியன் எந்நேரமும் பந்தோடதான் திரியிறான், படிப்பு என்னாகப் போகுதோ தெரியேல்லை." ஒஸ்லோவில் நாலு தமிழ்ப் பெற்றோர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. இந்த முறை ஒரு ஒஸ்லோக்காரரின் கதையைச் சொல்கிறேன்.

பெயர் தூர்கைர் ப்ரின். 1964இல் ஒஸ்லோவில் பிறந்தவர். இரண்டு மீற்றரைத் தாண்டிய உயரம். அமெரிக்காவுக்குப் போய், அப்போது சவுத்வெஸ்ட் டெக்சாஸ் ஸ்டேட் என்று பெயர் இருந்த பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்து ஆடினார். 1989-90 பருவத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணியில் இடம் கிடைத்தது. என்.பி.ஏ.யில் ஆடிய முதல் நோர்வேக்காரர் அவர்தான். ஆடியது மூன்றே மூன்று ஆட்டங்கள்.

"மூண்டு ஆட்டத்துக்கே இவ்வளவு பாடு?" என்று என் அம்மா கேட்டா. கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த மூன்று ஆட்டத்துக்கு முன்னால் ஒரு பல்கலைக்கழக வாழ்க்கை இருக்கிறதே, அதை யாரும் எண்ணுவதில்லை.

இங்கே நோர்வேயில் விளையாட்டு கிளப்பின் வேலை, படிப்பு பள்ளிக்கூடத்தின் வேலை. அமெரிக்காவில் இரண்டும் ஒரே வாசலால் வருகிறது. அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.யின் முதல் பிரிவில் ஆட, பந்து மட்டும் போதாது. மேல்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களும், அவற்றில் சராசரி 2.3 புள்ளியும் வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெறுபேறுகளையும் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். ஆக, "பந்தா, படிப்பா?" என்று நாங்கள் வீட்டில் பிடிக்கிற சண்டைக்கு அங்கே அர்த்தமே இல்லை. முழங்கால் ஒருநாள் கைவிடலாம். படித்து எடுத்த பட்டம் கையில் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேணும். மகனுக்காவது சண்டை பிடிக்கிறோம். மகளுக்குப் பதின்மூன்று, பதினாலு வயதானதும் "இனிக் காணும்" என்று சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறோம். சென்னையில் வளர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைவியாக இருந்தவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரையும் அந்த வயதில் வீட்டில் மறித்திருந்தால்?

எல்லாப் பிள்ளையும் என்.பி.ஏ. போகப்போவதில்லை. கல்லூரியில் ஆடுபவர்களிலேயே நூற்றுக்கு ஓரிருவர்தான் அந்த அளவுக்குப் போகிறார்கள். அதனால் பிள்ளையிடம் "நீ எங்கே போய்ச் சேருவாய்?" என்று கேட்காதீர்கள். "இந்த வருசமும் ஆட விருப்பமோ?" என்று கேளுங்கள். ஓம் என்றால் கணக்குப் புத்தகத்தையும் சப்பாத்தையும் ஒரே பையில் வைத்து அனுப்புங்கள்.