ரேம் காட்டலன்னா போர்டு போயிருச்சா?

பதுளையில் கேமிங் பிசி கட்டணும்னா நம்ம பசங்க முதல்ல பேசுறது கிராபிக்ஸ் கார்டு. அடுத்தது, எத்தனை கலர்ல லைட் எரியும் என்பது. மதர்போர்டு? "மிச்சக் காசுக்கு ஏதாவது போடுங்க அண்ணே." நான் சொல்றது நேரெதிர்: மலையகத்தில் இருக்கிற நாம முதல்ல பார்க்கவேண்டியது போர்டும் ரேமும்தான்.

காரணம் தூரம். விலைகூடின பாகம்னா கொழும்பைத்தான் பார்க்கணும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா எல்லாருக்கும் தெரிஞ்ச இடம். அங்க வாங்கினா வாரண்டிக்கும் அங்கதான். கொழும்புல இருக்கிறவங்களுக்கு அது ஒரு பஸ் தூரம். ரயில் பாதையோட கடைசி ஸ்டேஷன்ல இருக்கிற நமக்குப் போகவே ஒரு நாள். பசறை, லுணுகலைப் பக்கத் தோட்டம்னா இன்னும் கூட. 2024-ல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. ஒரு போர்டு எத்தனை நாள் கொழுந்துன்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

அந்தப் போர்டுக்குக் கடையில் கிடைக்கிற தீர்ப்பு பல நேரம் ஒரே வசனம்: "ரேம் டிடெக்ட் ஆகல, போர்டு போயிருச்சு." உண்மையில் நடக்கிறது என்ன? ஒவ்வொரு ரேம் ஸ்டிக்கிலும் அதன் அளவும் வேகமும் பதிந்த சின்ன சிப் ஒன்று இருக்கு. ஆன் பண்ணியதும் போர்டு அதைப் படிக்குது. பிறகு எந்த அமைப்பில் பிழையில்லாம ஓடும்னு சோதிச்சுப் பார்க்குது. இதுதான் மெமரி டிரெய்னிங். டிடிஆர்5-ல் முதல் தடவை இதுக்குச் சில நிமிஷம் எடுக்கலாம். அதுவரை திரை கறுப்பாவே இருக்கும். செத்துப்போச்சுன்னு பவரை நிறுத்தவேண்டாம், பொறுங்க.

32 ஜிபி போட்டு 16 மட்டும் காட்டுதா? ஸ்டிக் சரியா உட்காராம இருக்கலாம், அதன் கால்களில் அழுக்கு இருக்கலாம், சிபியு சாக்கெட்டில் ஒரு பின் வளைஞ்சிருக்கலாம், கூலரை ஒரு பக்கம் அதிகமா முறுக்கியிருக்கலாம். ஒரே ஸ்டிக்கை ஸ்லாட் ஸ்லாட்டா மாத்திப் பார்த்தாலே கோளாறு ரேமிலா ஸ்லாட்டிலான்னு பெரும்பாலும் பிடிபட்டுரும். இதுக்குக் காசே செலவில்லை.

அதுக்காக போர்டு எல்லாம் அப்பாவின்னு சொல்லல. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சில சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. ரேமை வேகமாக்கும் எக்ஸ்போவைப் போட்டதும் சில போர்டுகள் சிப்பின் எஸ்ஓசி பகுதிக்கு அளவுமீறி வோல்டேஜ் கொடுத்திருந்தன. பிறகு ஏஎம்டி 1.3 வோல்ட் என்று வரம்பு வைத்தது. புது பயோஸ் வந்தது. பெட்டியில் போட்டிருக்கிற வேகம் பல நேரம் ஓவர்கிளாக் வேகம்தான். நாலு ஸ்லாட் இருக்கேன்னு நாலையும் நிரப்புறதும் அப்படித்தான்: அதே ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்லும் வேகம் ரெண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலுக்கு 3600.

"நல்ல போர்டுக்குக் காசு எங்க?" என்று கேட்பீங்க. விலைகூடின போர்டு வாங்கச் சொல்லல. கம்பெனி சோதிச்ச ரேம் பட்டியலில் உங்க ரேம் இருக்கணும். கோளாறு எங்கேன்னு காட்டுற சின்ன லைட் இருக்கணும். வாரண்டி எழுத்தில் இருக்கணும். கலர் லைட்டைக் குறைச்சா இதுக்குக் காசு வரும். காசைக் கட்டுறதுக்கு முன்னாடி பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 போட்டு கடையிலேயே ஓடவிடுங்க.

நாளைக்கு யாராவது "போர்டு போயிருச்சு" என்று சொன்னா, காசை எடுக்க முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: எந்த ஸ்டிக்கை எந்த ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தீங்க?