விற்றவர் கட்டாத வரியை வாங்கியவரிடம் வசூலிப்பதைக் கைவிடக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், இரும்பு வியாபாரிகள் சங்கம்
பெறுநர்: வணிகவரி இணை ஆணையர் அவர்கள்

பொருள்: ஜிஎஸ்டி – உள்ளீட்டு வரி வரவு மறுப்பு – வங்கிக் கணக்கு முடக்கம் – நிவாரணம் கோருதல் – தொடர்பாக.
பார்வை: இதே பொருளில் அளித்த எங்கள் முந்தைய மனுக்கள்.

ஐயா,

எங்கள் சங்கம் கம்பி, தகடு, ஆணி விற்கும் சிறு வியாபாரிகளுக்கானது.

பார்வையில் கண்ட மனுக்களுக்குப் பதில் வராததால் அவற்றில் கூறியதையே மீண்டும் எழுதுகிறோம். சரக்கை எடுத்து, வரியும் சேர்த்து வங்கி வழியாகப் பணம் செலுத்திய உறுப்பினர்களிடம், விற்றவர் வரி கட்டவில்லை என்பதற்காக அதே வரி மறுபடி கேட்கப்படுவதை முதல் மனுவில் தெரிவித்தோம். அடுத்த மனுவில் பில், இ-வே பில், எடைச்சீட்டு, லாரி வாடகை ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்தோம். எங்களுக்குக் கிடைத்தது ஒப்புகைச் சீட்டு மட்டுமே. உறுப்பினர்களின் வங்கிகளுக்கோ கணக்கை முடக்கும் டிஆர்சி-13 அறிவிப்புகள் போய்ச் சேர்ந்தன.

கோரிக்கை 1: விற்றவரை விசாரிக்காமல் வாங்கியவரிடம் வசூல் கூடாது.

விற்றவர் வரியை அரசுக்குச் செலுத்தியிருந்தால்தான் வாங்கியவருக்கு வரவு என்னும் ஜிஎஸ்டி சட்டத்தின் 16(2)(சி) பிரிவை அலுவலர்கள் காட்டுகிறார்கள். அப்பிரிவு சட்டத்தில் இருப்பதை நாங்கள் மறுக்கவில்லை. அதைச் செயல்படுத்தும் முறை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டி.ஒய். பீத்தல் என்டர்பிரைசஸ் வழக்கில் 24.02.2021 அன்று தீர்ப்பளித்துள்ளது. ரப்பர் ஷீட் வாங்கிய வியாபாரிகளின் வழக்கு அது. வரியை வசூலித்துக்கொண்டு அரசுக்குக் கட்டாத விற்பனையாளர் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற நீதிமன்றம், அவரை விசாரிக்காமலேயே வாங்கியவர்கள் மீது பிறப்பித்த ஆணைகளை ரத்து செய்து, புதிதாக விசாரிக்கப் பணித்தது. விற்றவர் தலைமறைவாதல், தொழிலை மூடிவிடுதல், போதிய சொத்து இல்லாமை போன்ற விதிவிலக்கான நிலைகளில்தான் வாங்கியவரிடம் வரவைத் திரும்பப் பெறலாம் என்று, 2018 மே 4 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்திற்குப் பின் அரசு வெளியிட்ட செய்திக் குறிப்பும் கூறியது.

10 லட்சம் ரூபாய்க் கம்பிக்கு 18 விழுக்காட்டில் வரி 1,80,000 ரூபாய். விற்றவரிடம் அதைக் கொடுத்துவிட்டவர், வட்டியும் அபராதமும் சேர்த்து இரண்டாம் முறை எதை விற்றுக் கட்டுவார்? விற்றவரைச் சம்மன் அனுப்பி அழைக்க வியாபாரிக்கு அதிகாரம் இல்லை. தங்கள் துறைக்கு உண்டு. அதைப் பயன்படுத்தாமல், கடைவாசலில் அகப்படுபவரின் கணக்கை முடக்குவது நியாயமன்று. கணக்கு முடங்கினால் கூலி நிற்கிறது, கொடுத்த காசோலை திரும்புகிறது, பல ஆண்டுக் கடன் நம்பிக்கை ஒரே நாளில் போகிறது. மேல்முறையீட்டுக்குக் கட்ட வேண்டிய 10 விழுக்காட்டுக்கும் கையில் பணம் இருப்பதில்லை.

எனவே, விற்றவர் மீது எடுத்த நடவடிக்கையை ஒவ்வோர் ஆணையிலும் பதிவு செய்ய வேண்டும். அப்பதிவு இல்லாத ஆணைகளின் பேரிலான முடக்கங்களை உடனே நீக்க வேண்டும்.

கோரிக்கை 2: ஆணைப்படி பணம் கட்ட 78ஆம் பிரிவு தரும் மூன்று மாதம் முடியுமுன், எழுத்துப்பூர்வமான காரணமின்றி வசூல் நடவடிக்கை எடுக்கலாகாது.

கோரிக்கை 3: இணையதளத்தில் பதிவேற்றும் அறிவிப்புகளைப் பதிவுத் தபாலிலும் அனுப்ப வேண்டும்.

கோரிக்கை 4: விதி 86ஏ-யின்படி முடக்கிய வரவை ஓராண்டு முடிந்ததும் விடுவிக்க வேண்டும்.

கோரிக்கை 5: மாதந்தோறும் குறைகேட்புக் கூட்டம் நடத்த வேண்டும்.

முதல் கோரிக்கை மீது சங்கப் பிரதிநிதிகளை நேரில் விசாரித்து, ஏற்பதானாலும் மறுப்பதானாலும் மேற்கண்ட தீர்ப்பைக் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாக ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்