தும்மலின் பழைய எழுத்து

ஆங்கிலச் சொற்கள் பலவற்றில் ஒலியே பொருளைச் சொல்லிவிடுகிறது, ஆகவே அது இயற்கையின் மடியில் பிறந்த மொழி என்று அண்மையில் ஓர் இதழில் வந்த கட்டுரை சாதிக்கிறது. முதல் சான்று 'ஸ்னீஸ்': சொன்னாலே தும்மல் கேட்கிறதே என்கிறார் கட்டுரையாளர். படித்த நாளிலிருந்து மனம் ஆறவில்லை.

அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கவிஞர் சாசர் காலத்து ஆங்கிலத்தில் அது 'ஃப்னேசென்'. 'ஃப்ன' என்று தொடங்கும் சொற்கள் அருகிப்போனபின், பழைய எழுத்தில் எஃப்பும் நெட்டை எஸ்ஸும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்ததால், வாசித்தவர்கள் மயங்கி இன்றைய வடிவம் வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் கருத்து. மூக்கின் குரல் என்று நாம் கேட்பதில் ஏடு படித்த கண்ணின் பிழையும் கலந்திருக்கிறது. ஆனாலும் அந்த வடிவம் நிலைத்தது. குறட்டைக்கு 'ஸ்னோர்', மோப்பத்துக்கு 'ஸ்னிஃப்', விலங்கின் மூஞ்சிக்கு 'ஸ்னவுட்' என்று சுற்றிலும் உறவினர் இருந்தார்கள். புதிதாக வந்ததைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்படி ஒலியால் திரளும் சொற்களை ஜான் வாலிஸ் 1653இலேயே தம் ஆங்கில இலக்கணத்தில் தொகுத்தார். ஜே. ஆர். ஃபர்த் 1930இல் அந்த ஒலிக்கொத்துகளுக்குத் தனிப்பெயரே இட்டார். 'க்ளிட்டர்', 'க்ளீம்', 'க்ளோ' எல்லாம் ஒளி. ஆனால் பசைக்கும் கையுறைக்கும் தொடக்கம் அதே 'க்ள'தான். ஒளி அந்த ஒலிக்குள் இருந்ததில்லை. சொற்கள் கூடி வாழ்ந்த பழக்கத்தில் ஏறியது.

ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவில்லை என்ற மொழியியலாளர் சசூரை விடிய விடியப் படித்துச் சண்டையிட்ட நாட்கள் நினைவுக்கு வருகின்றன. அவர் மறைவுக்குப் பின் 1916இல் வெளிவந்த நூலில் சாட்டைக்கான பிரெஞ்சுச் சொல் ஒன்று வரும். காதுக்குச் சுளீரென்று கேட்கும் அதன் மூலமோ பீச் மரத்தின் லத்தீன் பெயர். அன்று எங்களில் பாதிப் பேர் நன்னூலின் இடுகுறியைத் தூக்கிக்கொண்டு வந்தோம். தொல்காப்பிய உரியியல் எங்களைவிட நிதானமானது: சொல்லின் பொருளுக்குக் காரணம் பளிச்சென்று தோன்றாது என்றது, அதே இயலில் இசைக்கும் குறிப்புக்கும் இடமும் வைத்தது.

அந்த நிதானம் இன்று இல்லை. ஆங்கிலத்துக்கு இயற்கைப் பட்டம் சூட்டுபவரும், காக்கையின் கரைதலில் தமிழின் ஆதியைக் கண்டு உலகத் தாய்மொழி என்று முழங்குபவரும் ஒரே நோயில் படுத்திருக்கிறார்கள். பிறப்பில் பெருமை தேடும் நோய் அது. சாதியில் அதை எதிர்த்து எழுதும் பேனா, மொழியில் மட்டும் ஏன் அதற்குத் தலைவணங்க வேண்டும்?

இனி எமக்குச் சொல்லாய்வு அனுப்புவோர் சொல்லின் பழைய வடிவங்களையும் சேர்த்து அனுப்பட்டும். 'ஃப்ன'வைக் காணாமல் தும்மலைப் பற்றி எழுதியதை இந்த இதழ் அச்சிடாது.