இதயம் காக்கும் சரக்கு எது?

அண்மைக் காலமாக நம் கடைகளில் ஆலிவ் எண்ணெய் கேட்போர் பெருகியிருக்கிறார்கள். "இதயத்துக்கு நல்லதாமே, அண்ணாச்சி?" என்கிறார்கள். விலை கூடிய சரக்கு. "ஆமாம்" என்று சொல்லி பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் கேட்பவர் வீட்டில் நெஞ்சுவலிக்காரர் இருந்தால், நம் வார்த்தையை நம்பித்தான் அவர் பணத்தை எடுக்கிறார்.

கிரேக்க நாட்டின் கிரீட் தீவினரிடம் மாரடைப்பு மிகக் குறைவு என்பதை, அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ் 1958-ல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு காட்டியது. அம்மக்களின் உணவில் ஆலிவ் எண்ணெயோடு காய்கறி, பழம், பயறு, ரொட்டி ஆகியவை நிறைய இருந்தன, இறைச்சி குறைவு.

ஸ்பெயினில் இதயநோய் வாய்ப்பு அதிகமுள்ள 7,447 பேரிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. இதே உணவோடு ஒரு பிரிவுக்கு ஆலிவ் எண்ணெயும், மற்றொரு பிரிவுக்குத் தினம் 30 கிராம் வால்நட், பாதாம் போன்றவையும் கொடுத்தார்கள். கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட மூன்றாம் பிரிவைவிட, இவ்விரு பிரிவிலும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. ஆட்களைப் பிரித்ததில் தவறு தெரிந்ததும், கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கை மீண்டும் போட்டு 2018-ல் வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. தராசில் சந்தேகம் வந்தால் மறு எடை போடுவதுதானே முறை!

அடுத்து குடல். பயறு, முழுத்தானியங்களின் நார்ச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்னும் பொருள்தான் குடல்சுவரின் செல்களுக்கு முக்கிய உணவு. நார்ச்சத்தில் ஒரு வகை கொலஸ்ட்ராலையும் குறைக்கிறது. எண்ணெயில் நார்ச்சத்து சிறிதும் கிடையாது. அது நம் கடை மூட்டைகளில் இருக்கிறது. கிரேக்கர்கள் சமைக்கும் கொண்டைக்கடலையும் மைசூர் பருப்பும் நாம் அன்றாடம் நிறுத்துக் கொடுப்பவையே.

ஆகவே, ஆலிவ் எண்ணெயை விற்பது தவறன்று; மருந்து என்று சொல்லி விற்பதுதான் தவறு. "பயறு வகையைக் கூட்டுங்கள்; சிப்ஸ், மிக்சரைக் குறையுங்கள்; டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று சொல்லி அனுப்புவோம். காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்து, பசிக்கு வடையும் டீயுமாகப் பொழுதை ஓட்டும் நமக்கும் இது பொருந்தும். வணிகப் பெருமக்கள் முதலில் தங்கள் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டுகிறோம்.