வரைபடம் வீட்டில் இருக்கட்டும்

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் ஒரு நாள் இரவு நம் இல்லத்துக் கணிப்பொறி ஓய்ந்துவிட்டது. உள்ளிருந்த வட்டு பழுதாயிற்று. கடிதங்களுக்கும் நிழற்படங்களுக்கும் வேறோரிடத்தில் படிகள் இருந்தமையால் அவை பிழைத்தன. ஆகவே, புதிய வட்டு ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டால் எல்லாம் முன்போல் ஆகிவிடும் என்று நம்பினோம். ஆனால், முன்போல் ஆக்குவதற்குள் ஒன்பது நாட்கள் கழிந்துவிட்டன.

அக்கணிப்பொறியில் லினக்ஸ் இயங்குதளத்தை அமைத்துத் தந்தவன் நம் மகன். தமிழ்99 விசைப்பலகை, தமிழ் எழுத்துருக்கள், அச்சுப்பொறி, ஊரிலிருக்கும் பாட்டியாருடன் முகம் பார்த்துப் பேசும் வசதி என நான்கு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தான். இப்போது அவன் ஜெர்மனியில் பணிபுரிகிறான். தொலைபேசியில் கேட்டபோது, “எதை எப்படிச் செய்தேன் என்று எனக்கே நினைவில்லை, அப்பா” என்றான். பொருள் நம் வீட்டில் இருந்தது. அதன் விவரமோ கடல் கடந்து சென்று, அங்கே மறந்தும் போயிற்று. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இந்நகரில் வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றில் இதே நிலைதானே!

இத்துன்பத்தை அண்டை வீட்டுப் பெரியவரிடம் சொன்னோம். 1953இல் இந்நகரில் நிறுவப்பெற்ற எச்.எம்.டி. ஆலையில் பல்லாண்டுகள் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்கள் பிள்ளை வேலையைச் செய்தான், வரைபடம் போட்டு வைக்கவில்லை” என்றார்.

அச்சொல் நம் மனத்தில் தைத்தது. ஆலையில் ஓர் அச்சுத் தண்டின் வரைபடம் என்ன சொல்கிறது? விட்டம் இவ்வளவு, நீளம் இவ்வளவு, பிழை இவ்வளவுக்குள் என்று, பொருள் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதையே சொல்கிறது. எந்திரத்தை எத்தனை முறை சுழற்றினர் என்னும் கதையை அது சொல்வதில்லை. தொழிலாளி ஓய்வு பெறலாம், எந்திரம் மாறலாம். வரைபடம் இருப்பின் அதே பொருளை மீண்டும் கடைந்துவிடலாம்.

கணிப்பொறிக்கும் அத்தகைய வரைபடம் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தோம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் எல்கோ டோல்ஸ்ட்ரா என்பார் 2006இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் ‘நிக்ஸ்’ என்னும் முறையை விரித்துரைத்தார். அதன்மேல் எழுந்த லினக்ஸ் வகையே ‘நிக்ஸ்ஓஎஸ்’. குனு திட்டத்தினரும் 2012இல் ‘கீக்ஸ்’ என்ற பெயரில் அதே நெறியில் ஒன்றைத் தொடங்கினர்.

வழக்கமான முறையில், ‘இதை நிறுவு, அதை மாற்று’ என்று கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக இடுகிறோம். இட்டவை எவை என்பதற்கு முழுமையான குறிப்பு எஞ்சுவதில்லை. நிக்ஸ்ஓஎஸ் முறையிலோ ஒரு கோப்பில் ‘இன்னின்னவை இருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதுகிறோம். செய்யும் வழியைப் பொறியே வகுத்துக்கொள்கிறது. மாற்றம் வேண்டுமாயின் கோப்பைத் திருத்தி, மீண்டும் கட்டச் சொல்ல வேண்டும். புதியது பழையதை அழித்து அதன்மேல் அமர்வதில்லை, தனியிடத்தில் அமைகிறது. ஒவ்வோர் அமைப்பும் ஒரு தலைமுறையாகக் கணக்கில் நிற்கிறது. புதிய தலைமுறை சரியாக இயங்காவிடில், பொறியைத் தொடங்கும்போது தோன்றும் பட்டியலில் முந்தைய தலைமுறையைத் தேர்ந்தால் போதும். நேற்றைய கணிப்பொறி திரும்பி வரும்.

தைப் பொங்கலுக்கு விடுமுறையில் வந்த மகன் இரண்டு மாலைகள் அமர்ந்து அக்கோப்பை எழுதினான். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் ஆகியவற்றைக் குறிக்கும் சில வரிகள், லோகித், நோட்டோ எழுத்துருக்களுக்குச் சில வரிகள், அச்சுப்பொறிக்கு இரண்டு. ஹேஷ் குறியில் தொடங்கும் வரியைப் பொறி பொருட்படுத்துவதில்லை. அது மனிதர்க்கான குறிப்பு. அக்குறிப்புகளைத் தமிழிலேயே எழுதச் சொன்னோம். “இவ்வரியை நீக்கினால் அம்மாவின் அச்சுப்பொறி இயங்காது” என்று அவன் எழுதியிருப்பதை இப்போது அவன் தாயார் படித்துப் புரிந்துகொள்கிறார்.

சென்ற திங்கள் மகளுக்காக ஒரு பழைய மடிக்கணினி வாங்கினோம். அதன் உறுப்புகளைக் குறிக்கும் சிறு கோப்பை நிறுவும் கருவியே ஆக்கித் தந்தது. ஏனையவற்றுக்கு மகனின் கோப்பையே இட்டோம். ஒன்பது நாள் உழைத்த வேலை ஒரே மாலையில் முடிந்தது. தொலைபேசியில் யாரையும் எழுப்ப நேரவில்லை.

எனினும், குறைகளையும் சொல்லுதல் நம் கடமை. இக்கோப்பின் மொழியைக் கற்பது எளிதன்று. தொடக்கத்தில் சலிப்புத் தரும். பழைய தலைமுறைகள் வட்டில் இடம் பிடிக்குமாதலின் அவ்வப்போது களைய வேண்டும். கடவுச்சொற்களைக் கோப்பில் எழுதுதல் ஆகாது. அதிலுள்ளவை பொறியைப் பயன்படுத்துவோர் அனைவரும் படிக்கக்கூடிய இடத்தில் சென்று சேரக்கூடும். கடிதங்களையும் படங்களையும் இக்கோப்பு காப்பதில்லை. அவற்றுக்குத் தனிப்படி எடுத்தே ஆக வேண்டும். எந்நாளைய பதிப்புகள் வேண்டும் என்பதைக் குறிக்கும் பூட்டுக் கோப்பு உளதாயின், அதனையும் உடன் வைத்தல் நன்று.

எல்லாவற்றினும் முதன்மையான ஒழுக்கம் ஒன்று உண்டு. அவசரத்தில் பொறியைக் கையால் திருத்திவிட்டுக் கோப்பை அப்படியே விட்டுவிடுதல் கூடாது. நிக்ஸ்ஓஎஸ் அதைப் பெரும்பாலும் தடுக்கிறது, முற்றிலும் தடுப்பதில்லை. “பொருளை அரத்தால் ராவிவிட்டு வரைபடத்தைத் திருத்தாதவனை ஆலையில் விட்டுவைக்க மாட்டார்கள்” என்றார் நம் பெரியவர். திருத்தங்களின் வரலாற்றைக் காக்க ‘கிட்’ என்னும் கருவி உதவும். லினக்ஸின் கருவை 1991இல் ஆக்கத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2005இல் அதனையும் ஆக்கினார். எந்நாளில் எவ்வரி மாறிற்று, ஏன் மாறிற்று என்பதை அதில் காணலாம்.

உபுண்டு, டெபியன் போன்றவற்றை விட்டு வர விரும்பாதோர் வருந்த வேண்டுவதில்லை. அவற்றின்மேலும் நிக்ஸை நிறுவி, ‘ஹோம் மேனேஜர்’ என்பதன் துணையால் தம் சொந்த அமைப்புகளை மட்டும் கோப்பாக எழுதி வைக்கலாம். அதுவும் இயலாதெனின், நிறுவியவற்றையும் மாற்றியவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி அலமாரியில் வையுங்கள். வெற்று நினைவைக் காட்டிலும் அது மேலானது.

இந்நகரை விட்டு அயல்நாடு செல்லும் இளைஞர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. பயணப் பெட்டியைக் கட்டுமுன், பெற்றோரின் கணிப்பொறிக்கு நீங்கள் செய்த அமைப்பையெல்லாம் ஒரு கோப்பாக எழுதி, தமிழில் குறிப்புகள் சேர்த்து, ஒரு படியை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். அதைக் கொண்டு பொறியை மீண்டும் எழுப்பும் விதத்தை வீட்டிலுள்ள ஒருவருக்கேனும் ஒரு முறை செய்து காட்டுங்கள். அதன் பின்னர் நீங்கள் அழைக்கும் நேரத்தில் அச்சுப்பொறியைப் பற்றிப் பேச வேண்டியிராது. உங்கள் நலத்தை விசாரிக்கலாம்.