ஜூரியைச் சலித்தெடுத்துவிட்டுத் தீர்ப்பா?

“ஜூரி தேர்வில் குறை என்று கொலை வழக்குத் தீர்ப்பையே ரத்து செய்வதா? சாட்சியம் வலுவாக இருந்தால் ஜூரியில் யார் உட்கார்ந்தால் என்ன?” என்று கேட்கிறார் நண்பர். சாட்சியம் வலுவானதா என்று முடிவு செய்வதே அங்கே உட்காருகிறவர்கள்தானே!

அமெரிக்காவின் மிசிசிப்பியில் கர்டிஸ் ஃபிளவர்ஸ் வழக்கை அவர் படிக்க வேண்டும். 1996இல் ஒரு கடையில் நடந்த நான்கு கொலைகளுக்காக ஃபிளவர்ஸை ஒரே அரசு வழக்கறிஞர் ஆறு முறை கூண்டில் நிறுத்தினார். ஆறு விசாரணைகளிலும் அந்த வழக்கறிஞர் விலக்கக்கூடிய நிலையில் இருந்த கறுப்பின ஜூரர்கள் 42 பேர். 41 பேரை விலக்கினார். ஆறாவது விசாரணையில் விலக்கப்பட்ட கறுப்பினத்தவர் ஐவரிடம் 145 கேள்விகள். அமர்த்தப்பட்ட வெள்ளையர் 11 பேரிடம் மொத்தமே 12. இதைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திட்டமிட்ட வேலை இது.

2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறாவது விசாரணையின் தீர்ப்பை 7-2 என ரத்து செய்தது. ரத்து என்றால் விடுதலை அல்ல, மறுவிசாரணைக்குத் தடையும் இல்லை. இதை நண்பர் சொல்லவே இல்லை. அரசுத் தரப்போ 2020இல், நம்பத்தக்க முக்கியச் சாட்சி இல்லையென்று வழக்கையே கைவிட்டது. அதற்குள் ஃபிளவர்ஸ் ஏறக்குறைய 23 ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார்.